சம்பளம் எங்கே போச்சுன்னு தேடிப்போன டீச்சர்

சிகாகோன்னு சொன்னதும் உங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, 1893-ல் விவேகானந்தர் பேசியது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்த யாரும் அதிலிருந்து தப்பித்திருக்க முடியாது. இன்னொன்று மே தினம். 1886 மே மாதத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டு அந்த ஊர்த் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது, போலீஸ் சுட்டது, அடுத்த வருஷம் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த நினைவில்தான் 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார்.

இந்த ரெண்டு சம்பவமும் நடந்தபோது, அதே ஊரின் தெற்குப் பக்கத்தில், மாட்டுச்சந்தையும் இறைச்சி ஆலைகளும் இருந்த பகுதியில், ஒரு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் மார்கரெட் ஹேலி. அமெரிக்காவில் ஆசிரியர் சங்கங்களின் வரலாற்றைப் பற்றி யார் எழுதினாலும் இவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. நம்ம பக்கம் இவரை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. எட்டு மணி நேர வேலைக்காக ஊரே கொந்தளித்தபோது அந்த ஊர் டீச்சர்கள் ஏன் அதில் இல்லை? காரணம் ரொம்ப எளிது. காகிதத்தில் பார்த்தால் டீச்சருக்கு எட்டு மணி நேர வேலையே கிடையாது. காலையில் மணி அடிக்கும், சாயங்காலம் மணி அடிக்கும், அவ்வளவுதான். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. டீச்சருக்கு மணி அடித்தால் வேலை பைக்குள் ஏறி வீட்டுக்கு வரும். நீங்க இன்ஜினியரிங் படிக்கிறவங்க, கணக்குப் போட்டே பாருங்க. வகுப்பில் 60 பிள்ளைகள். ஒரு நோட்டுக்கு ரெண்டு நிமிஷம் என்று வைத்தாலும் ஒரே ஒரு வீட்டுப்பாடத்தைத் திருத்த 120 நிமிஷம். வருகைப் பதிவேடு, மாத அறிக்கை, நாளைய பாடத்துக்கான தயாரிப்பு, ஒரு வாரமாக வராத பையனின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் தனி. இதில் எதுவும் வேலை நேரக் கணக்கில் வராது. வீட்டில் டீச்சர் அம்மா இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேஜை மேல் விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர்கள் எத்தனையோ முறை சாப்பிட்டிருப்பார்கள்.

ஹேலி பிறந்தது 1861 நவம்பரில், இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா முதலில் விவசாயம் பார்த்தார், பிறகு கல்குவாரி நடத்தினார். குடும்பத்துக்குப் பண நெருக்கடி வந்தபோது, 16 வயதில், கிராமத்துப் பள்ளியில் வேலைக்குப் போனார் ஹேலி. அந்தக் காலத்தில் படித்த ஏழைப் பெண்ணுக்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான், டீச்சர் வேலை அதில் கௌரவமானது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நில வரி பற்றி எழுதிய ஹென்றி ஜார்ஜின் புத்தகங்களைப் படித்திருந்தார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் வரும்.

1884-ல் சிகாகோவின் ஹென்றிக்ஸ் பள்ளியில் சேர்ந்தார். 16 வருஷம் அங்கேயேதான். அந்த ஊர் அப்போது எப்படி வீங்கிக்கொண்டிருந்தது என்று பாருங்க. 1880-ல் சுமார் 5 லட்சம் பேர். 1890-ல் 11 லட்சம். 1900-ல் 17 லட்சம். போலந்து, லித்துவேனியா, ஜெர்மனி, பொஹீமியா, அயர்லாந்து என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிய குடும்பங்கள். அப்பாவும் அண்ணனும் இறைச்சி ஆலையில் வேலை செய்வார்கள், பிள்ளை பள்ளிக்கு வரும். பல பிள்ளைகளின் வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அப்டன் சின்க்ளேர் 1906-ல் எழுதிய நாவல் இந்தப் பகுதியைப் பற்றியதுதான். இறைச்சியின் சுத்தத்தைப் பற்றி நாடே பதறியது. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பறையைப் பற்றி யாரும் பதறியதாகத் தெரியவில்லை. ஒரு அறையில் 50, 60 பிள்ளைகள் என்பது சர்வ சாதாரணம்.

ஹேலி அந்த 16 வருஷத்தில் தன் கோடை விடுமுறைகளைச் செலவழித்தது இன்னும் நல்லா எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ளத்தான். பிரான்சிஸ் பார்க்கர் என்ற கல்வியாளரின் பயிற்சிக் கல்லூரியிலும் படித்தார். குழந்தையை மையமாக வைத்துப் பாடம் நடத்து, மனப்பாடம் பண்ண வைக்காதே என்பது அங்கே கற்றுக்கொடுத்த முறை. நல்ல முறைதான். ஆனால் 60 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேலும் தனிக்கவனம் செலுத்துவது எப்படி என்பதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் விடை இல்லை. ஹேலி பிற்காலத்தில் செய்த எல்லாச் சண்டைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சம்பளத்தை மட்டும் நினைத்து அவர் வெளியே வரவில்லை. சொல்லிக் கொடுக்கத் தெரிந்தும் சொல்லிக் கொடுக்க முடியாத நிலைமை அவரைத் தின்றுகொண்டிருந்தது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பப் பள்ளி டீச்சருக்கு வருஷத்துக்கு 500 டாலரில் தொடங்கும். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் 825-ஐத் தாண்டாது. சுமார் 20 வருஷமாக அது நகரவே இல்லை. ஆரம்பப் பள்ளிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆண்கள் அதிகம், அங்கே சம்பளமும் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது தாய்மையின் நீட்சி, அது சேவை, அதற்கெல்லாம் மணிக்கணக்கு பார்க்கக் கூடாது என்பது ஊரின் எண்ணம். சேவை என்ற சொல்லை வைத்து எத்தனை மணி நேர உழைப்பை இலவசமாக வாங்கிவிடலாம் என்று யோசித்துப் பாருங்க.

1897-ல் ஆரம்பப் பள்ளி டீச்சர்கள் சேர்ந்து சிகாகோ ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹேலி ஆரம்பித்தவர் அல்ல, கொஞ்ச நாள் கழித்துச் சேர்ந்தவர். கேத்தரின் காகின் என்ற இன்னொரு டீச்சர்தான் முன்னால் நின்றார். சங்கம் சம்பள உயர்வு கேட்டது. 1898-ல் கல்வி வாரியம் ஒத்துக்கொண்டது. மூணு வருஷத்தில் படிப்படியாக 1,000 டாலர் வரை ஏறும் என்றார்கள். முதல் தவணை வந்தது. பிறகு, காசில்லை, நிறுத்துகிறோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

இங்கே சாதாரணமாக என்ன நடக்கும்? மனு கொடுப்பார்கள், கெஞ்சுவார்கள், மேடையில் அழுவார்கள். ஹேலியும் காகினும் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். உண்மையிலேயே காசில்லையா? இவ்வளவு வேகமாக வளர்கிற ஊரில், கட்டடமும் கம்பெனியும் தினம் முளைக்கிற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எப்படிக் காசில்லாமல் போகும்?

டீச்சர்கள் வரி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். பள்ளி விட்ட பிறகு, சனிக்கிழமைகளில். இந்த வேலைக்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்க. 1900 ஜனவரியில் ஹேலி வகுப்பறையை விட்டு வெளியே வந்து முழு நேரமாக இதில் இறங்கினார். அவருக்கும் காகினுக்கும் சங்கத்தின் டீச்சர்கள் தங்கள் சந்தாவிலிருந்து சம்பளம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஹேலி வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை.

கண்டுபிடித்தது இதுதான். டிராம், கேஸ், மின்சாரம், தொலைபேசி கம்பெனிகள் எல்லாம் சிகாகோவின் தெருக்களை வைத்துத்தான் சம்பாதித்தன. ஒரு டிராம் கம்பெனியின் உண்மையான சொத்து என்ன? தண்டவாள இரும்பும் வண்டிகளும் கொஞ்சம். ஊர்ப் பொதுத்தெருவில் தண்டவாளம் போட்டு, வேறு யாரும் போடாமல், காசு வாங்கிக்கொள்ளும் உரிமம்தான் பெரிய சொத்து. அந்த உரிமத்துக்கு வரி போட வேண்டும் என்று இல்லினாய்ஸ் சட்டம் சொன்னது. வரி போட வேண்டிய மாநில வாரியம் போடவில்லை. வருஷக்கணக்காக. ஹென்றி ஜார்ஜைப் படித்த பெண்ணுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

அப்போ டீச்சர் ராத்திரி விளக்கு வைத்துத் திருத்தின நோட்டுக்கும் டிராம் கம்பெனியின் லாபத்துக்கும் ஒரு நேர்கோடு இருக்கிறது. கம்பெனி கட்டாத வரி, வகுப்பில் இருபது பிள்ளைகள் கூடுதலாக உட்காருவதாக மாறுகிறது. அந்த இருபது பிள்ளைகளின் வேலை, டீச்சரின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தக் கோட்டை வரைந்து காட்டியதுதான் ஹேலி செய்த பெரிய காரியம். அதுவரை வேலைப்பளு என்பது டீச்சரின் சொந்தப் பிரச்சினை. அவர் பொறுமைசாலியா, உடம்பு தாங்குமா என்கிற விஷயம். ஹேலி அதைக் கணக்குப் புத்தகத்துக்குக் கொண்டுபோனார்.

வழக்கு நடந்தது. 1901 அக்டோபரில் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் டீச்சர்கள் பக்கம் நின்றது, வரியை மதிப்பிடச் சொன்னது. கம்பெனிகள் மத்திய நீதிமன்றத்துக்குப் போய்த் தொகையை நன்றாகக் குறைத்துக்கொண்டன. கடைசியில் ஆண்டு வரியாக வந்தது சுமார் 6 லட்சம் டாலர், அதில் கல்வி வாரியத்தின் பங்கு சுமார் இரண்டரை லட்சம். படம் இங்கே முடியும்னு நினைப்பீங்க. வந்த பணத்தை வாரியம் என்ன செய்தது தெரியுமா? நிறுத்தி வைத்த சம்பள உயர்வைக் கொடுக்கவில்லை. நிலக்கரி பில்லுக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் ஒதுக்கிவிட்டது! டீச்சர்கள் அலைந்து தேடிக் கொண்டுவந்த பணம். திரும்பவும் கோர்ட். 1904-ல் நீதிபதி எட்வர்ட் டன் டீச்சர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். அடுத்த வருஷம் அந்த டன்னே மேயராகத் தேர்வானார், சமூக சேவகி ஜேன் ஆடம்ஸைக் கல்வி வாரியத்தில் உட்கார வைத்தார்.

பள்ளி நிலங்களையும் விடவில்லை ஹேலி. நகரத்தின் நடுவில் பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலங்கள் நீண்ட காலக் குத்தகைக்குப் போயிருந்தன. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையும் அப்படிப்பட்ட நிலத்தில்தான் இருந்தது. அவ்வப்போது வாடகையை மறுமதிப்பீடு செய்யலாம் என்ற நிபந்தனை 1895-ல் நீக்கப்பட்டது. ஹேலி இதைப் பேசத் தொடங்கிய பிறகு அந்தப் பத்திரிகை அவரைப் பற்றி எப்படி எழுதியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டையான, ஒல்லியான அந்த டீச்சருக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால், தொழிற்சங்க அடியாள் அம்மணி என்று வரும்.

1901-ல் டெட்ராயிட்டில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். தேசியக் கல்விச் சங்கத்தின் மாநாடு. பெயர்தான் ஆசிரியர்களுக்கானது. மேடையில் இருப்பவர்கள் கல்லூரித் தலைவர்கள், கண்காணிப்பாளர்கள், எல்லாம் ஆண்கள். கீழே ஆயிரக்கணக்கில் பெண் டீச்சர்கள். அமெரிக்கக் கல்வி ஆணையராக இருந்த வில்லியம் ஹாரிஸ் பேசினார், பள்ளிகளின் நிலைமை அமோகம் என்கிற மாதிரி. ஹேலி எழுந்து, நிலைமை அப்படி இல்லை, சிகாகோவில் வரிப் பணம் எப்படிப் போகிறது பாருங்கள் என்று ஆரம்பித்தார். ஹாரிஸ் கூட்டத்தைப் பார்த்து, அந்த டீச்சர் சொல்வதைக் கண்டுகொள்ள வேண்டாம், கல்வியாண்டு முடிந்து வகுப்பறையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், களைப்பில் உணர்ச்சிவசப்படுகிறார் என்ற பொருளில் பேசினார்.

இதில் ரெண்டு வேடிக்கை. ஒன்று, ஹேலி வகுப்பறையை விட்டு வந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இன்னொன்று பெரியது. வருஷக் கடைசியில் டீச்சர் களைத்துப் போய் நிதானம் இழக்கும் அளவுக்கு வேலை இருக்கிறது என்பதை நாட்டின் கல்வி ஆணையரே மேடையில் ஒப்புக்கொண்டுவிட்டார். அதை ஒரு குறையாக அவர் பார்க்கவில்லை. டீச்சரின் வாயை அடைக்க ஒரு காரணமாகத்தான் பார்த்தார்.

அடுத்த வருஷம் இன்னொரு அடி எடுத்து வைத்தார்கள். 1902 நவம்பரில் சங்கம் சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்தது. டீச்சர்கள் போய் வண்டி ஓட்டுநர், இறைச்சி வெட்டுகிறவர்களோடு ஒரே சங்கத்திலா என்று படித்த வர்க்கம் முகம் சுளித்தது. ஹேலியின் கணக்கு தெளிவானது. பெண்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. தொழிலாளிக்கு இருக்கிறது. அவன் பிள்ளைதான் எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதே சமயத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் பள்ளியில் ஒரு சம்பவம். அடங்காத ஒரு பையனைத் திரும்ப வகுப்பில் சேர்க்க மறுத்த டீச்சரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாணவர்கள் டீச்சருக்கு ஆதரவாக ஸ்ட்ரைக் பண்ணினார்கள், பெற்றோரும் கூட நின்றார்கள். பசங்க டீச்சருக்காக ஸ்ட்ரைக் பண்ணியிருக்காங்க. நம்பித்தான் ஆகணும்.

அப்போது கண்காணிப்பாளராக இருந்த எட்வின் கூலி கொண்டுவந்த திட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் ஏற வேண்டுமென்றால் டீச்சர் பரீட்சை எழுத வேண்டும். அதோடு, மேலதிகாரி போடும் மதிப்பெண்ணும் வேண்டும். அந்த மதிப்பெண் ரகசியம், டீச்சருக்குக் காட்ட மாட்டார்கள். இன்டர்னல் மார்க் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். பகல் முழுக்க 60 பிள்ளைகளோடு நின்றுவிட்டு, ராத்திரி நோட்டுத் திருத்திவிட்டு, அதற்கப்புறம் பரீட்சைக்குப் படி. கூலி இல்லாத நேரத்தின் மேல் இன்னொரு கூலி இல்லாத நேரம்.

1904-ல் செயின்ட் லூயிஸில், அதே தேசியக் கல்விச் சங்கத்தின் மாநாட்டில், இந்த முறை ஹேலி மேடையில் ஏறிப் பேசினார். டீச்சர்கள் ஏன் சங்கமாகச் சேர வேண்டும் என்பது தலைப்பு. நாலு குறைகளை வைத்தார். விலைவாசிக்குப் போதாத சம்பளம். வேலைக்கும் முதுமைக்கும் பாதுகாப்பில்லை. நெருக்கியடித்த வகுப்பறையில் உடம்பையும் மனசையும் தேய்க்கிற அதீத வேலை. நாலாவதுதான் அவர் மிக அழுத்தமாகச் சொன்னது. பள்ளிக்கூடம் ஆலையாக மாறுகிறது, எங்கேயோ மேலே உட்கார்ந்து ஒருவர் போடுகிற உத்தரவை யோசிக்காமல் நிறைவேற்றும் கை மட்டுமே டீச்சர் என்று ஆகிவிட்டது என்றார். பிரடெரிக் டெய்லரின் புகழ்பெற்ற மேலாண்மைப் புத்தகம் 1911-ல்தான் வந்தது. நாம அதை ஒரு யூனிட்டாகப் படிக்கிறோம். அது வருவதற்கு ஏழு வருஷம் முன்பே, அந்தச் சிந்தனை வகுப்பறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஆறாம் வகுப்பு டீச்சர் எச்சரித்திருக்கிறார்.

நடுவில் சில நல்ல வருஷங்களும் இருந்தன. 1909-ல் எல்லா ஃப்ளாக் யங் சிகாகோ பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். டீச்சர்கள் கூடிப் பேசிக் கருத்துச் சொல்லும் மன்றங்களை அவர் ஆதரித்தார். 1910-ல் ஹேலியும் கூட்டாளிகளும் வேலை பார்த்து, யங்கை தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக ஜெயிக்க வைத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஹாரிஸ் பேசிய அதே சங்கம்.

பிறகு அடி விழுந்தது. 1915-ல் கல்வி வாரியத்தின் ஜேக்கப் லோப், தொழிற்சங்கத்தோடு சேர்ந்த அமைப்பில் எந்த டீச்சரும் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். 1916 ஜனவரியில் கேத்தரின் காகின் ஒரு லாரி மோதி இறந்தார். ஹேலிக்கு அது சொந்த இழப்பு. அதே வருஷம் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு தொடங்கியபோது சிகாகோ டீச்சர்களுக்கு முதல் கிளை என்ற எண் கிடைத்தது. கோடையில் 68 டீச்சர்களை மறுபடி வேலைக்கு எடுக்க வாரியம் மறுத்தது. பாதிக்கு மேல் சங்கத்தினர். 1917-ல் மாநில உச்ச நீதிமன்றம் லோப் விதி செல்லும் என்றது. ஹேலி ஒரு பேரத்துக்கு வந்தார். சங்கம் தொழிலாளர் கூட்டமைப்பை விட்டும், ஆசிரியர் கூட்டமைப்பை விட்டும் விலகும். பதிலுக்கு டீச்சர்கள் வேலைக்குத் திரும்புவார்கள். அந்த வருஷமே ஓடிஸ் சட்டம் வந்தது. மூணு வருஷத் தகுதிகாண் பருவம் முடிந்தால் காரணமில்லாமல் வேலையிலிருந்து தூக்க முடியாது. 15 வருஷ உறவை விட்டுக்கொடுத்து இதை வாங்கினார். சரியா தப்பா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். 68 குடும்பங்கள் தெருவில் நிற்கும்போது நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1924-ல் வில்லியம் மெக்ஆண்ட்ரூ கண்காணிப்பாளராக வந்தார். திறமை, சிக்கனம் என்று பேசுகிற ஆள். டீச்சர்கள் ஒரே நாளில் பல தடவை நேரப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆசிரியர் மன்றங்கள் பள்ளி நேரத்தில் கூடுவதை நிறுத்திக் கலைத்தார். இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பள்ளிக்குள் இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணுவார்கள். பள்ளி விட்ட பிறகு போகும் மணிகளை எண்ண ஒரு பதிவேடும் கிடையாது. பிளட்டூன் முறை என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஒரு கூட்டம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் மைதானத்தில், அரங்கத்தில். மணி அடித்தால் மாறும். எந்த அறையும் காலியாக இருக்காது. மெஷின் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்ற அதே கணக்கு. ஒரு வகுப்பை வைத்திருந்த டீச்சர் இப்போது நாளெல்லாம் மாறி மாறி வரும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஹேலி தன் செய்தித்தாளில் மெக்ஆண்ட்ரூவை வெளுத்து வாங்கினார். கடைசியில் மேயர் தாம்ப்சன் அவரை வெளியேற்றினார். காரணம் டீச்சர்கள் அல்ல. பள்ளி வரலாற்றுப் புத்தகங்கள் இங்கிலாந்துக்குச் சாதகமாக இருக்கின்றன என்று ஒரு கூத்து நடத்தி வெளியேற்றினார். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கிற வசதி எப்போதும் கிடைப்பதில்லை.

ஹேலியிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. சங்கத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். இளையவர்களுக்கு இடம் விடவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தனித்தனிச் சங்கமாகப் பிரிந்து நின்றார்கள், அவர்களைச் சேர்க்க அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. அவருடைய கடைசிப் பெரிய போராட்டம் அவர் ஆட்களையே அடித்தது. சிகாகோவின் சொத்து வரி மதிப்பீடு ஊழல் நிறைந்தது என்று வருஷக்கணக்கில் போராடி, 1928-ல் ஊர் முழுக்க மறுமதிப்பீடு செய்ய உத்தரவு வாங்கினார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் மறுமதிப்பீடு முடியும்வரை வரி ரசீதே போகவில்லை. வரி வசூல் தள்ளிப்போனது. அந்த நேரம் பார்த்துப் பெருமந்தம் வந்து விழுந்தது. கல்வி வாரியத்தின் கஜானா காலி.

1931-லிருந்து சுமார் 14,000 டீச்சர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. சில மாதம் பணத்துக்குப் பதில் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள், கடைக்காரர்கள் அதை முழு மதிப்புக்கு எடுக்கவில்லை. இப்போது சாயங்கால நேரத்துக்கு மட்டுமல்ல, பகல் நேரத்துக்கும் கூலி இல்லை. வீட்டை இழந்தவர்கள் உண்டு. வட்டிக்காரனிடம் மாட்டியவர்கள் உண்டு. அந்த நிலைமையிலும் வகுப்புகள் நடந்தன. பசியோடு வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட டீச்சர்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, நெகிழ்ச்சி அப்புறம்தான். 1933 ஏப்ரலில் டீச்சர்கள் ஊர்வலமாக வங்கிகளுக்குள் புகுந்தார்கள். நகரத்துக்குக் கடன் தர மறுக்கிற வங்கிகள் என்று கோபம். சுவரில் மை தெறித்தது. தலைமை தாங்கியவர்கள் இளைய தலைமுறை ஆசிரியர்கள், ஹேலி அல்ல. அவருக்கு வயது எழுபதுக்கு மேல். தெருவில் இறங்குகிற வழி அவருடையதும் அல்ல, அவருடையது கோர்ட்டும் கணக்குப் புத்தகமும்.

அந்த ஜூலையில் வாரியம் 1,400 ஆசிரியர்களை நீக்கியது, மிச்சமிருந்தவர்கள் தலையில் அவர்கள் வேலையும் ஏறியது. 1934 ஆகஸ்டில் மத்திய அரசின் கடனை வைத்துத்தான் பழைய சம்பள பாக்கியைத் தீர்த்தார்கள். 1937-ல் பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகிச் சிகாகோ ஆசிரியர் யூனியன் உருவானது. ஹேலியின் சங்கம் அதில் சேரவில்லை. ஆனால் 1916-ல் அவர்களுக்குக் கிடைத்த முதல் கிளை என்ற எண் யூனியனுக்குப் போனது.

1939 ஜனவரி 5-ல் ஹேலி இறந்தார், 77 வயது. கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையை எழுதச் சொல்லிவைத்திருந்தார். அது புத்தகமாக வந்தது 1982-ல்தான்.

2011 ஜூனில் சிகாகோ கல்வி வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. ஒப்பந்தப்படி டீச்சர்களுக்குத் தர வேண்டிய 4 சதவீத உயர்வைக் காசில்லை என்று ரத்து செய்தது. கூடவே, மேயர் ரஹ்ம் இமானுவேல் ஆரம்பப் பள்ளி நாளை 5 மணி 45 நிமிஷத்திலிருந்து 7 மணி நேரமாக நீட்டினார். 2012 செப்டம்பரில் யூனியன் ஸ்ட்ரைக்கில் இறங்கியது. ஏழு பள்ளி நாட்கள், ஊர் முழுக்கச் சிவப்பு டீசர்ட். யூனியனின் கிளை எண் இன்றைக்கும் ஒன்றுதான்.